முதலில் தையல், அப்புறம் மடிப்பு
(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இருபது வருடமாகத் தையலும் கட்டிங்கும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இஸ்ஸே மியாகே என்ற ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளரைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அதற்கு முன்னால், போன மாதம் வகுப்பில் நாங்கள் செய்து பார்த்த ஒரு வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே அளவில் இரண்டு துண்டு எடுத்தோம். ஒன்று வெள்ளைப் பருத்தி, இன்னொன்று லைனிங்குக்குப் போடும் பாலியஸ்டர். இரண்டையும் தனித்தனியாகப் பழுப்புக் காகிதத்துக்கு நடுவில் வைத்து, விசிறி மடிப்பாக விரல் அகலத்துக்கு மடித்து, நூலால் இறுக்கிக் கட்டினோம். இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவியில் வைத்தோம். நன்றாக ஆறவிட்டுப் பிரித்தபோது இரண்டிலும் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. பிள்ளைகளுக்குப் பருத்திதான் பிடித்தது, அழகாக இருந்தது. சரி, இப்போது வாளியில் நனையுங்கள் என்றேன். நனைத்துக் கொடியில் போட்டார்கள். காய்ந்த பிறகு பருத்தியில் மடிப்பு இருந்த இடமே தெரியவில்லை. பாலியஸ்டர் அப்படியே இருந்தது. ஒரு மாணவி அதை ஆர்மோனியத் துருத்தி போல இழுத்து விட்டு, இழுத்து விட்டு, மணியடித்த பிறகும் கையிலேயே வைத்திருந்தாள்.

பாலியஸ்டர் சூட்டில் இளகும். எந்த வடிவத்தில் ஆறுகிறதோ அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். இந்தச் சின்ன குணத்தை வைத்து 1988 முதல் ஒருவர் வருடக்கணக்கில் உழைத்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மியாகே 1938-ல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். அங்கே அணுகுண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 அன்று அவருக்கு ஏழு வயது. மூன்று வருடத்துக்குள் கதிர்வீச்சின் பாதிப்பால் அம்மா இறந்துபோனார். இதைப் பற்றி அவர் பல பத்தாண்டுகள் பொதுவில் பேசவே இல்லை. அணுகுண்டில் பிழைத்த டிசைனர் என்று தன்னை யாரும் அடையாளப்படுத்துவதை அவர் விரும்பவில்லை. 2009-ல்தான், அமெரிக்க அதிபர் ஒபாமா ஹிரோஷிமாவுக்கு வர வேண்டும் என்று கேட்டு நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். கண்ணை மூடினால் அந்தச் சிவப்பு வெளிச்சமும், பின்னாலேயே எழுந்த கரிய மேகமும் இன்னும் தெரிகிறது என்று அதில் சொல்கிறார். அழிவதை நினைக்காமல் ஆக்கக்கூடியதை நினைக்கவே விரும்பினேன், உடை வடிவமைப்புக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார். ஒபாமா 2016-ல் ஹிரோஷிமா போனார்.

குண்டு விழுந்த அந்த ஊரில், அமைதிப் பூங்காவுக்குப் பக்கத்தில், சிற்பி இசாமு நோகுச்சி கைப்பிடிச் சுவர்களை வடிவமைத்த இரண்டு பாலங்கள் இருக்கின்றன. மாணவனாக மியாகே அவற்றின் மேல் நடந்தபோதுதான் ஒரு வடிவம் மனிதனைத் தூக்கி நிறுத்த முடியும் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தப் பாலங்களில் ஒன்றின் பெயர் ‘த்சுகுரு’. உருவாக்குதல் என்று பொருள்.

டோக்கியோவில் தாமா கலைப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது கிராஃபிக் டிசைன். 1960-ல் டோக்கியோவில் உலக வடிவமைப்பு மாநாடு நடந்தது. கட்டடம் இருந்தது, நாற்காலி இருந்தது, உடை இல்லை. ஏன் இல்லை என்று கேட்டு, மாணவராக இருந்துகொண்டே கடிதம் எழுதினார். அந்தக் கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மேல்நாட்டில் ‘ஃபேஷன்’ என்று சொல்வதைத் தான் செய்யவில்லை, உடை செய்கிறேன் என்பது அவர் நிலை.

1965-ல் பாரிஸ். அங்கே கி லரோஷ், ஜிவான்ஷி என்ற ஆடை வடிவமைப்பாளர்களிடம் வேலை பழகினார். பணக்காரப் பெண் ஒருத்தியின் உடம்புக்கு அங்குலம் அங்குலமாக அளவெடுத்து, ஒரு உடைக்கு நூறு மணி நேரம் உழைக்கும் தொழில் அது. தையல்காரி என்ற முறையில் அந்தக் கைத்திறனுக்கு முன்னால் நான் கும்பிடுகிறேன். ஆனால் 1968 மே மாதம் பாரிஸ் தெருக்களில் மாணவர்களும் தொழிலாளர்களும் இறங்கியதை மியாகே நேரில் பார்த்தார். ஒரு சிலருக்கு மட்டும் உடை தைத்துக்கொண்டிருப்பதில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. ஜீன்ஸ், டி-ஷர்ட் மாதிரி எல்லோரும் போடுகிற ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற ஆசை அப்போது பிடித்தது. நியூயார்க்கில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1970-ல் டோக்கியோ திரும்பி மியாகே டிசைன் ஸ்டுடியோவைத் தொடங்கினார்.

அவர் வேலையை எங்கிருந்து ஆரம்பிப்பார் என்பது முக்கியம். நம்மில் பெரும்பாலோர் படம் வரைந்து ஆரம்பிக்கிறோம். உடம்பு இப்படி, கழுத்து இப்படி, இதற்கு என்ன துணி போடலாம் என்று போகிறோம். மியாகே நூலில் ஆரம்பித்தார். மகிகோ மினகாவா என்ற துணி வடிவமைப்பாளர் ஆரம்பத்திலிருந்தே கூட இருந்தார். முதலில் துணி பிறக்கும். அந்தத் துணி என்ன செய்ய விரும்புகிறது என்று பார்த்து, அப்புறம்தான் உடை. ஜப்பானிய உழவர்கள் கிழிந்த துணியைக் கனமாக்கத் தைத்த ‘சஷிகோ’ தையலை எடுத்து மேலங்கி செய்தார். அதே ஆள்தான் 1980-ல் பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்து மார்க்கவசம் செய்தார், மூங்கிலும் பிரம்பும் வளைத்து இன்னொன்று செய்தார். கைத்தறி உயர்ந்தது, செயற்கை இழை தாழ்ந்தது என்ற பேதம் அவரிடம் இல்லை. எனக்கு அது நீண்ட நாள் இருந்தது. அவர் வேலையைப் படித்த பிறகுதான் குறைந்தது.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சொல் ‘ஒரு துண்டுத் துணி’. ஜப்பானியரின் மரபு உடையான கிமோனோவும் அப்படித்தான்: ஒரு நீளத் துணி, நேர்க்கோட்டு வெட்டு, உடம்புக்கும் துணிக்கும் நடுவில் காற்று போக இடம். தமிழ் பேசுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேட்டியும் சேலையும் நமக்குத் தெரியும். நம் சொற்களையே பாருங்கள். துணித்தல் என்றால் வெட்டுதல், அதிலிருந்து துணி. துண்டாவதால் துண்டு. பழைய தமிழில் ஆடைக்கு அறுவை என்று ஒரு பெயர். கூறுபோடுவதால் கூறை. தறியிலிருந்து அறுத்தவுடனேயே அது உடை ஆகிவிடுகிறது, தையல்காரி அதற்குள் வருவதே இல்லை. மியாகே தேடிப்போன இடமும் அதுதான்.

இப்போது மடிப்புக்கு வருகிறேன். இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

மடிப்பு வைத்த உடை உலகத்துக்குப் புதிதல்ல. 1907 வாக்கில் வெனிஸில் மரியானோ ஃபோர்ச்சுனி என்பவர் பட்டில் மெல்லிய மடிப்பு வைத்து ஒரு நீள அங்கி செய்தார், இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. ஆனால் பட்டு நனைந்தால் மடிப்பு போய்விடும். மறுபடி மடிக்க அவரிடமே அனுப்ப வேண்டும். வழக்கமான முறையில் முதலில் துணியை மடிப்பார்கள், அந்த மடித்த துணியை வெட்டித் தைப்பார்கள். மடித்த துணியை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கத்தரிக்கோல் பட்டதும் விரிந்துகொள்ளும், ஓரம் நேராக நிற்காது, தையல் போட்ட இடத்தில் மடிப்பு செத்துப்போகும்.

மியாகே வரிசையைத் திருப்பிப்போட்டார். முதலில் வெட்டித் தைத்து உடையை முழுசாக முடித்துவிடுவது. ஆனால் வேண்டிய அளவைப் போல இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக. பத்து வயசுப் பிள்ளைக்கு அப்பாவின் சட்டையைப் போட்ட மாதிரி இருக்கும், அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். அந்தப் பெரிய உடையை இரண்டு காகிதத்துக்கு நடுவில் பரப்பி, மடிப்பு எந்திரத்துக்குள் விடுவார்கள். சூடும் அழுத்தமும் சேர்ந்து மடிப்பு விழுந்து, மறுபக்கம் மனுஷ அளவுக்குச் சுருங்கி வெளியே வரும். தையலும் சேர்ந்தே மடிந்திருப்பதால் எங்கும் இறுக்காது. வடிவமும் மடிப்பும் ஒரே நேரத்தில் பிறக்கின்றன.

ஒரு தோழி வெளிநாட்டிலிருந்து அப்படி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பயணப் பையின் ஓரத்தில் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி வைத்திருந்தார். எடுத்து உதறினார், அவ்வளவுதான், இஸ்திரி இல்லை. கையில் வாங்கியபோது கனமே இல்லை. மேசையில் விரித்தால் ஒல்லியான செவ்வகம், போட்டுக்கொள்ள முடியுமா என்றுகூடத் தோன்றும். அவர் போட்டுக்கொண்டு கையைத் தூக்கியதும் தோளில் மடிப்பு திறந்தது, இறக்கியதும் மூடியது. நான் தடித்த உடம்புக்காரி. எனக்கும் அதே உடை பொருந்தியது. நான் உடைக்குள் நுழைய வேண்டியிருக்கவில்லை, உடை எனக்கு இடம் கொடுத்தது. எத்தனையோ பெண்கள் என் மேசைக்கு முன்னால் நின்று, அளவு டேப்பைப் பார்த்ததும் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர்கள் எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள்.

1991-ல் ஃபிராங்க்பர்ட் பாலே நடனக் கலைஞர்களுக்கு இந்த மடிப்பு உடைகளைக் கொடுத்தார். குதித்தாலும் சுழன்றாலும் உருண்டாலும் தாங்குகிறதா என்பதற்கு அதைவிட நல்ல சோதனை இல்லை. அடுத்த வருடம் பார்சிலோனா ஒலிம்பிக்ஸில், அப்போதுதான் சோவியத் யூனியனிலிருந்து விடுபட்டிருந்த லித்துவேனியா அணிக்கு மடிப்புச் சீருடை செய்துகொடுத்தார். 1993-ல் ‘ப்ளீட்ஸ் ப்ளீஸ்’ என்ற பெயரில் தனி பிராண்டாகவே வந்தது.

ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் போட்ட, கழுத்தை மூடும் கறுப்புச் சட்டை இவர் செய்ததுதான். அதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, அதனால் நான் நிற்கவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது லூசி ரீயின் பொத்தான்கள். லூசி ரீ வியன்னாவில் பிறந்த யூதப் பெண், மண்பாண்டக் கலைஞர். 1938-ல் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்தார். போர்க்காலத்தில் வயிற்றுப்பாட்டுக்காகப் பீங்கானில் பொத்தான் செய்து விற்றார். மியாகே 1984-ல் அவரைச் சந்தித்தார். அப்புறம் அந்தப் பொத்தான்களைத் தன் கோட்டுகளில் வைத்துத் தைத்தார். லூசி ரீ இறக்கும்போது தன்னிடமிருந்த பொத்தான்களை மியாகேவுக்கே விட்டுச்சென்றார். ஒருவரின் ஊரை நாஜிகள் பறித்தார்கள், மற்றவரின் ஊரை அணுகுண்டு பறித்தது. பொத்தானை ஒருவர் செய்தார், மற்றவர் தைத்தார்.

அவருடைய பாணி என்ன என்று கேட்டால் நான் இதைச் சொல்வேன்: பாதியை விட்டுக்கொடுப்பது. அர்விங் பென் என்ற பெரிய புகைப்படக்காரர் பத்து வருடத்துக்கு மேல் இவருடைய உடைகளைப் படமெடுத்தார். ஒருமுறைகூட மியாகே அந்த ஸ்டுடியோவுக்குப் போய் நிற்கவில்லை. உடையை அனுப்பிவிடுவார், மற்றது பென்னின் விருப்பம். 1998-ல் டாய் ஃபுஜிவாராவுடன் சேர்ந்து ‘ஏ-பாக்’ என்று ஒன்றைச் செய்தார். ‘ஒரு துண்டுத் துணி’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. திருப்பூர்ப் பக்கம் பனியன் துணி குழாயாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது மாதிரி, கணினி சொல்கிறபடி ஓடும் பின்னல் எந்திரத்திலிருந்து நீளக் குழாய் வரும். அதற்குள்ளேயே கவுன், தொப்பி, காலுறை எல்லாம் கோடுகளாக இருக்கும். வாங்கியவர் கத்தரிக்கோலால் அந்தக் கோட்டில் வெட்டிக்கொள்ள வேண்டும். கை நீளமா குட்டையா, அவரே முடிவு செய்யலாம். வெட்டினால் நூல் பிரியாது. கடைசி வெட்டை இன்னொருவர் கையில் கொடுப்பது எத்தனை கஷ்டம் என்று தையல்காரர்களைக் கேளுங்கள். என்னால் இன்னும் முடியவில்லை.

நம் நாட்டுத் துணியோடும் அவருக்கு உறவு உண்டு. அகமதாபாத்தில் ஆஷா சாராபாயோடு சேர்ந்து 1980-களிலிருந்தே கைவேலை உடைகள் செய்தார்கள். 2000-ல் மினகாவா தொடங்கிய பிராண்டுக்குப் பெயரே ‘ஹாட்’. வட இந்தியக் கிராமத்துச் சந்தையைக் குறிக்கும் சொல் அது.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஜீன்ஸ் மாதிரி எல்லோருக்கும் என்று தொடங்கியவரின் உடை, விலையில் எல்லோருக்குமானதாக ஆகவில்லை. நம்மூர்ச் சம்பளத்தில் ஒன்று வாங்கப் பல மாதம் சேர்க்க வேண்டும். பாலியஸ்டரும் பூமிக்குச் சுமைதான். அது அவருக்கும் தெரிந்திருந்தது. 2010-ல், எழுபது வயது தாண்டிய பிறகு, மறுசுழற்சி பாலியஸ்டரில், தரையில் வைத்தால் தட்டையான கோலமாகவும் தூக்கினால் உடையாகவும் எழும் ஒரு வரிசையை இளைஞர்களோடு உட்கார்ந்து செய்தார். 2022 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் காலமானார். மறுநாள் ஹிரோஷிமா நாள்.

நாங்கள் இட்லிப் பானையில் வைத்த அந்தப் பாலியஸ்டர் துண்டு இதோ. முன்வரிசையிலிருந்து கைமாற்றிப் பின்னால் அனுப்புங்கள். மெதுவாகப் பிடிக்க வேண்டாம், நன்றாக இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு இடத்தில் மடிப்பு கோணலாக இருக்கும். அது நூல் சரியாகக் கட்டாத இடம். அதையும் தொட்டுப் பாருங்கள்.