கணவர்களும் வந்து உட்காரட்டும்

(அங்கன்வாடிப் பணியாளர்களும் மகளிர் சுய உதவிக் குழுப் பொறுப்பாளர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காலையிலிருந்து குழந்தைகளைப் பார்த்துவிட்டு, பதிவேடுகளையும் முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் அக்காக்களுக்கும், குழுத் தலைவிகளுக்கும், பெரியவர்களுக்கும் என் வணக்கம்.

‘நல்ல குடும்பத்துக்கு நல்ல உறவு’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இதே பொருளில் நம் ஊர்களில் எத்தனையோ கூட்டங்கள் நடந்துவிட்டன. பெரும்பாலும் கேட்க உட்கார்ந்திருப்பவர்கள் பெண்கள்தான். அவர்களுக்குச் சொல்லப்படுவதும் ஒன்றுதான்: அனுசரித்துப் போம்மா. குடித்துவிட்டு வரும்போது வாய் கொடுக்காதே, விடிந்தால் சரியாகிவிடும். ஒரு குழந்தை பிறந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெற்ற தாயே சொல்கிறாள். ஆனால் 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை வாழ்வில் ஒருமுறையாவது அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அனுசரித்துப் போன பிறகும் நிலைமை இதுதான்.

அதனால் இன்று உங்களுக்கு அறிவுரை சொல்ல நான் வரவில்லை. குடும்ப உறவைப் பற்றி ஊரில் ஒரு வகுப்பு நடத்துவதென்றால் அதில் கணவனும் வந்து உட்கார வேண்டும். அப்படி உட்கார வைத்த ஒரு நாட்டின் கதையைச் சொல்கிறேன்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்றொரு சின்ன நாடு. 1994-இல் அங்கே நடந்த இனப்படுகொலை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நூறே நாளில் லட்சக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த அழிவிலிருந்து எழுந்த நாடு, 2008-இல் குடும்ப வன்முறைக்கு எதிராகச் சட்டம் போட்டது. அதே ஆண்டு அதன் நாடாளுமன்றத்தில் பாதிக்கு மேல் பெண்கள் வந்தார்கள். சட்டம் வந்தது, பதவி வந்தது. ஆனால் வீட்டுக்குள் அடி நிற்கவில்லை.

அங்கே ஆண்களோடு வேலை செய்யும் ஒரு தொண்டு அமைப்பு, சுகாதாரத் துறையையும் சேர்த்துக்கொண்டு, 2013-இலிருந்து 2015 வரை நான்கு மாவட்டங்களில் ஒரு திட்டம் நடத்தியது. பண்டெபெரெஹோ என்று பெயர். மனைவி கர்ப்பமாக இருக்கும் ஆண்கள், அல்லது ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் இளம் அப்பாக்கள் – இவர்களைத்தான் கூப்பிட்டார்கள். ஆண்களுக்கு 15 அமர்வுகள், வாரம் ஒன்று. அதில் எட்டுக்கு மனைவியும் கூட வரலாம். நடத்தியவர்கள் அதே ஊர் அப்பாக்கள், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். கர்ப்ப கால விஷயம் பேசும் நாளில் நர்ஸ் வருவார். சட்டம் பேசும் நாளில் போலீஸ்காரர் வருவார்.

வகுப்புக்குள் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒரு நாள், அப்பாக்கள் தங்கள் அப்பாவைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர் என்னிடம் எப்படி இருந்தார், அம்மாவிடம் எப்படி இருந்தார், அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்வேன், எதை விடுவேன் என்று. எத்தனை ஆண்கள் வாழ்க்கையில் ஒருமுறையாவது இதை வாய்விட்டுப் பேசியிருப்பார்கள், சொல்லுங்கள். இன்னொரு நாள், ஒரு நாளின் 24 மணி நேரத்தை எழுதச் சொல்கிறார்கள். கணவன் எழுந்தது எப்போது, என்ன வேலை, எப்போது படுத்தான். பக்கத்திலேயே மனைவியின் நாள். தண்ணீர், விறகு, சமையல், வயல், பிள்ளை, மறுபடி சமையல். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது யாரும் யாரையும் திட்டத் தேவையில்லை, கணக்கே பேசிவிடும். பிள்ளையைக் குளிப்பாட்டத் துணி பொம்மையை வைத்துப் பழகுவது, வீட்டுச் செலவை இருவரும் சேர்ந்து திட்டமிடுவது, கோபம் தலைக்கேறும்போது வெளியே போய் ஒரு நடை நடந்துவிட்டு வருவது, அடுத்த குழந்தை எப்போது என்பதை இருவரும் பேசி முடிவெடுப்பது – எல்லாம் பாடம்தான். ஒவ்வொரு வாரமும் வீட்டில் செய்துபார்க்க ஒரு வேலை கொடுத்து அனுப்புவார்கள். அடுத்த வாரம் வந்து, செய்தேன், இப்படி நடந்தது, அக்கம்பக்கத்தார் இப்படிக் கேலி செய்தார்கள் என்று மற்றவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். கேலியைத் தாங்க அந்தக் கூட்டம்தான் பலம்.

பலன் கிடைத்ததா என்பதையும் ஒழுங்காகப் பார்த்தார்கள். ஏறத்தாழ 1,200 தம்பதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் வகுப்பு நடத்தினார்கள். தொடங்கி 21 மாதம் கழித்து மனைவிகளிடம் தனியாகக் கேட்டார்கள். வகுப்பு கிடைக்காத குடும்பங்களில் 57 சதவீதப் பெண்கள் முந்தைய ஓராண்டில் கணவரிடம் அடிபட்டதாகச் சொன்னார்கள். வகுப்புக்குப் போன குடும்பங்களில் அது 33 சதவீதம். பாலியல் வன்முறையும் அதே அளவுக்குக் குறைந்திருந்தது. மனைவியோடு கர்ப்பப் பரிசோதனைக்குப் போகும் கணவர்கள் கூடியிருந்தார்கள். வீட்டு வேலையில் ஆண்கள் செலவிடும் நேரமும் கூடியிருந்தது. ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் மாற்றம் நீடித்தது. அந்த ஆய்வு முடிவு 2023-இல் வெளிவந்தது.

33 சதவீதமும் பெரிய எண்தான், மூன்று பெண்களில் ஒருத்தி. பிள்ளைகளை அடிப்பது குறைந்தது, ஆனால் கொஞ்சம்தான் குறைந்தது. அதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் 15 வகுப்பில் உலகம் மாறிவிடும் என்று நான் உங்களிடம் சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

வகுப்பு நடத்தினாலே போதும் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் அரசு பெரும் பணம் போட்டு, எட்டு இடங்களில், குழந்தை பிறக்கவிருந்த அல்லது அப்போதுதான் பிறந்திருந்த, மணமாகாத ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகளை வைத்து இதே மாதிரி ஒரு திட்டம் நடத்தியது. 2010-இல் மதிப்பீடு வந்தது. எல்லா இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் உறவில் மாற்றமே இல்லை. வகுப்புக்கு இடம் கிடைத்தவர்களில் 55 சதவீதம் பேர்தான் ஒரு வகுப்புக்காவது வந்திருந்தார்கள். வேலை நிலையில்லை, வாடகை கட்டப் பணமில்லை, வாரா வாரம் வகுப்புக்கு எங்கே வருவது? என் கணிப்பு இதுதான்: பாடத்திட்டத்தைவிட, யார் கூப்பிடுகிறார்கள், எங்கே நடக்கிறது, எந்த நேரத்தில் நடக்கிறது என்பதுதான் முக்கியம். தெருவில் தினமும் பார்க்கும் ஒரு அண்ணன் கூப்பிட்டால் வருகிற மனிதன், அறிவிப்புப் பலகையைப் பார்த்து வர மாட்டான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். சமுதாய வளைகாப்பு நடத்துகிறீர்கள். மணவறை மாதிரி அலங்காரம் செய்து, கர்ப்பிணிகளை வரிசையாக உட்கார வைத்து, வளையல் போட்டு, சந்தனம் பூசி, கலவைச் சாதம் பரிமாறி, இரும்புச்சத்து பற்றி எடுத்துச் சொல்கிறீர்கள். சாதி பார்க்காமல், வசதி பார்க்காமல், தாய்வீட்டில் செய்ய முடியாத பெண்ணுக்கும் அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்கும் அருமையான ஏற்பாடு அது. அந்த நேரத்தில் கணவன் எங்கே? மண்டப வாசலில் வண்டியில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறான். எப்போது முடியும் என்று நடுவில் ஒருமுறை எட்டிப் பார்க்கிறான். அவனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அப்பா ஆகப்போகும் பயமும் ஆசையும் அவனுக்கும் இருக்கிறது. எதையாவது கற்றுக்கொள்ளும் மனநிலை ஒரு ஆணுக்கு வாய்க்கும் அபூர்வமான காலம் அது. ருவாண்டாவில் அந்தக் காலத்தைத்தான் பிடித்தார்கள்.

குழு அக்காக்களுக்கு ஒரு வார்த்தை. கடன், சேமிப்பு என்று நீங்கள் வாராவாரம் கூடுகிறீர்கள். வாங்கிய கடன் வீட்டில் என்ன ஆனது என்ற பேச்சுக்குக் கணவர்களையும் மாதம் ஒருமுறை கூப்பிடுங்கள். பணத்தில் தொடங்கினால் வருவார்கள். அப்புறம் மற்றதெல்லாம் பேசலாம், குடியும் அதில் வரத்தான் வேண்டும். அதை ஒதுக்கிவைத்துவிட்டு நம் ஊரில் குடும்பத்தைப் பற்றிப் பேச முடியாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கை கால் உடையும் அளவுக்கு அடி விழும் வீட்டுக்கும், உயிருக்குப் பயந்து வாழும் பெண்ணுக்கும் இந்த வகுப்பு மருந்தில்லை. அவளைக் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து மனம்விட்டுப் பேசச் சொல்வது ஆபத்து. வகுப்பில் சொன்னதற்கு வீட்டில் வாங்குவாள். அவளுக்கு 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் கொடுங்கள், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் அழைத்துப் போங்கள். யாரை வகுப்புக்கு அழைப்பது, யாரை அழைக்கக் கூடாது என்று, வீடு வீடாகப் போகும் உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த சமுதாய வளைகாப்புக்குக் கணவர்களுக்கும் பெயர் போட்டு அழைப்புக் கொடுங்கள், உள்ளே நாற்காலி போடுங்கள். அந்த 24 மணி நேரக் கணக்கை அன்றைக்கே எழுதச் செய்யலாம், ஒரு சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். உங்கள் பகுதியில் மனைவியை மரியாதையாக நடத்துகிற, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகக் கூச்சப்படாத இரண்டு அப்பாக்கள் யார் என்று யோசித்து, இன்று கிளம்புவதற்குள் அவர்கள் பெயரை உங்கள் மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுங்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதிலிருந்து தொடங்குவோம்.