ஆளைக் காணோமே என்று கேட்க ஓர் ஆள்

(ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்துக் கிராமத் திருச்சபை ஒன்றின் பிரதிஷ்டைப் பண்டிகைக் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் சிலர் விரும்பியதால் எழுதித் தருகிறேன்.)

கூட்டத் தலைவர் அவர்களே, சேகர குருவானவர் அவர்களே, கமிட்டி அங்கத்தினர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, வணக்கம். அழைத்தவுடன் வந்த பஞ்சாயத்துத் தலைவி அம்மா அவர்களுக்குத் தனி நன்றி; தெருவிளக்கைப் பண்டிகைக்கு முந்தின நாளே எரிய வைத்துவிட்டார். பக்கத்து ஊர் பங்குத்தந்தையும் வந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் பனிமய மாதா கோயில் தங்கத் தேர்தான் நினைவுக்கு வருகிறது. மும்பையிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் நம் பிள்ளைகளே, உங்களுக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் அசன விருந்துப் பந்தலில் வந்து சண்டை போடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

‘ஊர் கூடித் தேர் இழு’ என்பார்கள். இந்தப் பழமொழியை நான் விட மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். போன வருடமும் சொன்னேன். நம் சபையில் தேர் கிடையாது, ஆனால் வடம் உண்டு. மணிக்கூண்டிலிருந்து தொங்குகிறதே, அந்த வடம். அதைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

கிறிஸ்தவர்கள் ஏன் சபையாகக் கூடிவர வேண்டும்? மூன்று காரணம் சொல்லப் போகிறேன். ஒன்று வேதம், இரண்டு சரித்திரம், மூன்று பிள்ளைகள்.

எபிரெயர் நிருபத்தில் பத்தாம் அதிகாரம். ‘சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்’ என்று வருகிறது. மனப்பாடம்தான் நமக்கு. ஆனால் அந்தச் ‘சிலர்’ யார் என்று யோசித்திருக்கிறோமா? முதல் நூற்றாண்டிலேயே ஞாயிற்றுக்கிழமை வராமல் நின்றுவிட்டவர்கள் அவர்கள். அன்றைக்கு யூடியூப் கிடையாது, கிரிக்கெட் கிடையாது. அப்போதே அப்படி. ஆகவே கைபேசி வந்ததால்தான் சபை கெட்டது என்று புலம்புகிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

தோமாவைப் பாருங்கள். சென்னையில் அவர் பெயரில் ஒரு மலையே இருக்கிறது. உயிர்த்தெழுந்த அன்று மாலை ஆண்டவர் வந்தபோது அவர் மட்டும் அந்த வீட்டில் இல்லை. எங்கே போயிருந்தார் என்று வேதம் சொல்லவில்லை. மற்றவர்கள் என்ன செய்தார்கள்? ‘கர்த்தரைக் கண்டோம்’ என்று அவரிடம் போய்ச் சொன்னார்கள். எட்டு நாள் கழித்து அவரும் கூட்டத்தில் இருந்தார். அன்றைக்குத்தான் ‘என் ஆண்டவரே, என் தேவனே’ என்றார். வராதவனைத் தேடிச் சொல்ல ஆள் இருந்ததால் கிடைத்த வசனம் அது.

நூறு ஆட்டில் ஒன்று காணாமல் போன கதை இருக்கிறது. மேய்ப்பன் தோளில் ஆட்டைப் போட்டுவரும் படம் பாதி வீடுகளில் தொங்குகிறது. அதற்கு முன்னால் நடந்த ஒன்றை யாரும் படம் வரையவில்லை. அவன் எண்ணிப் பார்த்தான்! எண்ணினதால்தானே ஒன்று குறைகிறது என்று தெரிந்தது? எண்ண வேண்டுமானால் மந்தை ஓரிடத்துக்கு வர வேண்டும்.

சரி, நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். பாதிப் பேருக்குத் தெரியும், இருந்தாலும் கேளுங்கள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று, பயணிகள் நூற்றுக்கணக்கில் மாட்டிக்கொண்ட மழை. அன்று காலை ஆராதனைக்கு வந்தவர்கள் 23 பேர், கொயரையும் சேர்த்து. ஓட்டுக்கூரைச் சத்தத்தில் பிரசங்கம் கேட்கவில்லை. குருவானவர் மன்னிக்க வேண்டும், சிலருக்கு அது வசதியாகவும் இருந்தது.

மணியடித்துக் கோயில் வேலைகளைப் பார்க்கும் நம் கோயில்பிள்ளை, ஆராதனை முடிந்து பாமாலைப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தவர், என்னிடம் வந்தார். “சார், நாலாம் பெஞ்சு ஆச்சியைக் காணோமே” என்றார். மழையப்பா, யார் வருவார்கள் என்றேன். “2015 மழைக்கும் வந்துச்சு சார். முழங்கால்வரை தண்ணி. செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்துச்சு” என்றார். சொல்லிவிட்டு ஒரு உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். நான் வாத்தியார், குடை இருந்தும் யோசிக்கிறேன். அவர் சாக்கோடு போகிறார். வெட்கம் பிடுங்கித் தின்ன, பின்னாலேயே போனேன்.

கதவு உள்ளே தாழ். கூப்பிட்டால் பதில் இல்லை. ஆனால் உள்ளே பாட்டுச் சத்தம் கேட்கிறது, நல்ல பாட்டு, கீபோர்டு எல்லாம் வைத்து. சரி, ஆச்சி டிவி பார்க்கிறாள், போவோம் என்கிறேன் நான். கோயில்பிள்ளை நகரவில்லை. புறவாசல் பக்கம் சுவரேறிக் குதித்தார்.

பெங்களூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த போன். ‘மழையில் கோயிலுக்குப் போகாதே அம்மா, இதிலேயே பார்’ என்று அன்றைக்குத்தான் முதல் முறையாகப் போட்டுக் கொடுத்திருக்கிறான். பாசம்தான், குறை சொல்ல மாட்டேன். அந்தப் போன் நாற்காலியில் சாய்ந்தபடி ஏதோ பட்டணத்துச் சபை ஆராதனையை நடத்திக்கொண்டிருந்தது. ஆச்சி பால் பொங்குகிறதென்று எழுந்து போனவள், அடுப்படி ஈரத்தில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். இரண்டு மணி நேரம். பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டால் மழைச் சத்தம். போனில் பாட்டு முடிந்து ஜெபம், ஜெபம் முடிந்து பிரசங்கம், காணிக்கைக்கு நம்பர் வேறு. அங்கே எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஆச்சியையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார்கள்!

கோயில்பிள்ளையைப் பார்த்து ஆச்சி முதலில் கேட்டது என்ன தெரியுமா? “ஏல, ரெண்டாம் மணி அடிச்சியா? எனக்குக் கேக்கலியே.”

ஆம்புலன்ஸ் வர முடியவில்லை. கோயிலிலிருந்து நாலாம் பெஞ்சையே தூக்கிக்கொண்டு வந்தோம். ஆறு பேர் தூக்க, லோடு ஆட்டோவில் ஏற்றி, மேலே தார்ப்பாய் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ராத்திரி அந்தச் சாலை வெள்ளத்துக்குள் போய்விட்டது. ஆச்சியின் அடுப்படிக்குள் மறுநாள் இடுப்பளவுத் தண்ணீர். ஊர் கூடித் தேர் இழுப்பார்கள், நாங்கள் ஊர் கூடிப் பெஞ்சு இழுத்தோம். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் பண்டிகை தவிரக் கோயில் பக்கம் வராதவர்கள். ஒருவர் டீக்கடைக்காரர், நம் சபையே இல்லை.

அதோ, வாக்கரோடு நாலாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கைதட்ட வேண்டாம், வெட்கப்படுகிறாள்.

இனி சரித்திரம். பாளையங்கோட்டையில் 1780ல் ஒரு சபைப் பதிவேடு எழுதினார்கள். மொத்தம் 40 பேர். அதில் பிராமணக் குலத்தில் பிறந்த குளோரிந்தா அம்மையார் ஒருவர். அவர் கட்டிய சின்னக் கோயிலை 1785ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று இன்றும் சொல்கிறோம். திருநெல்வேலித் திருச்சபையின் சரித்திரம் பேர் எண்ணிய ஒரு பட்டியலோடு வளர்கிறது, இதைக் கவனிக்க வேண்டும். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847ல் தொடங்கிய ஆலயம் 1880ல்தான் முடிந்தது. 33 வருடம்! பாதியில் நின்ற சுவருக்குப் பக்கத்தில் ஜனங்கள் வாராவாரம் கூடிக்கொண்டேதான் இருந்தார்கள். மெஞ்ஞானபுரம் கோபுரம் 192 அடி. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அசனச் சோறு ஆறிவிடும்.

சபையில் ஒரே சண்டை, எலெக்ஷன், கோர்ட்டு, அதனால் நின்றுவிட்டேன் என்கிறவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. கொரிந்துச் சபையிலும் வழக்கு இருந்தது. பவுல் திட்டினார், ஆனால் அவரவர் வீட்டில் தனியாக இருந்துகொள்ளுங்கள் என்று எழுதவில்லை. ‘கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்’ என்றுதான் எழுதினார். சாப்பாட்டு விஷயத்தில் எழுதியது அது. அசனக்காரர்கள் கவனிக்க.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது காரணம், பிள்ளைகள், அடுத்த வருடம் சொல்கிறேன். வடத்துக்கு வந்துவிடுகிறேன்.

தானாக அடிக்கும் மெஷின் மணி வாங்குவதென்று ஒரு பேச்சு இருக்கிறது. நேரம் வைத்துவிட்டால் ஸ்பீக்கரில் மணியடிக்குமாம், வசனமும் சொல்லுமாம். கோயில்பிள்ளை சம்பளம் மிச்சமாம். கமிட்டியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வரவு செலவு அவர்களுக்குத்தான் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். மெஷின் மணி அடிக்கும், நாலாம் பெஞ்சைப் பார்க்குமா? யார் வீட்டுப் பிள்ளை வடக்கு வாசலில் நுழைந்து தெற்கு வாசலில் நழுவுகிறான் என்று அதற்குத் தெரியுமா? ஊர் கூடித் தேர் இழுக்கும்போது யார் வடம் பிடிக்க வரவில்லை என்று பார்க்க ஓர் ஆள் வேண்டாமா? அவருக்குக் கடைசியாகச் சம்பளம் ஏற்றி எத்தனை வருடம் என்று நான் மேடையில் சொல்ல மாட்டேன். கணக்கப்பிள்ளையிடம் கேளுங்கள்.

மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். தெற்கு வாசல் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போங்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், அறுத்துக்கொண்டு போய்விட வேண்டாம்.