ஊற்றின் மேல் ஒரு கூரை

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று ஒரு குளியல் கூடத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். குளியலறை என்றதும் நம் வீட்டில் ஒரு மூலையில் கட்டுகிற ஆறடிக்கு நாலடி அறையை நினைக்க வேண்டாம். ஜப்பானில் குன்மா என்றொரு மாநிலம். அங்கே மிக்குனி கணவாய்க்குப் போகிற மலைக்காட்டில் ஹோஷி என்ற இடத்தில் ஒரு வெந்நீர் ஊற்று. அதன் மேல் 1895-இல் எழுப்பிய மரக்கூடம் ஒன்று. இன்றைக்கும் அதில் ஆட்கள் குளிக்கிறார்கள். மேல்பக்கம் வளைந்த பெரிய ஜன்னல்கள், உயர்ந்த கூரை, நடுவே சதுரத் தொட்டிகள். தொட்டிக்குக் குறுக்கே உருண்டையான மரம் கிடக்கிறது. கழுத்தை அதில் சாய்த்துக்கொண்டு காலை நீட்டிப் படுக்கலாம்.

நாம் வீடு கட்டும்போது என்ன செய்கிறோம்? அறையைக் கட்டிவிட்டுக் குழாய் போட்டுத் தண்ணீரைக் கொண்டுவருகிறோம். ஹோஷியில் தண்ணீர் இருந்த இடத்துக்கு அறை போயிருக்கிறது. தொட்டியின் அடியில் பலகை கிடையாது, சிமெண்டு கிடையாது. கூழாங்கற்கள்தான். அந்தக் கல்லிடுக்கு வழியாகத்தான் ஊற்று நேராக மேலே வருகிறது. தொட்டியில் உட்கார்ந்தால் தொடைக்குப் பக்கத்தில் குமிழி கிளம்பி மேலே போவது தெரியும்.

இது ஏன் அபூர்வம் என்றால், ஊற்றின் சூடு உடம்பு தாங்குகிற அளவிலேயே அமைய வேண்டும். சுமார் 37-லிருந்து 43 டிகிரிக்குள். 60 டிகிரியில் கொதித்து வருகிற ஊற்றின் மேல் யார் உட்கார முடியும்? அதைத் தள்ளிக் கொண்டுபோய் ஆற வைத்தே தீரவேண்டும். குசாட்சு என்ற ஊரின் நடுவில் நீளநீளமாக மரக்கால்வாய்கள் போட்டு, அதில் வெந்நீரை ஓடவிட்டு ஆற்றுகிறார்கள். பச்சைத் தண்ணீர் கலந்தால் ஊற்றின் சாரம் குறைந்துவிடும் என்று, தொட்டியில் பலகையை விட்டுத் துழாவி ஆற்றுகிற வழக்கமும் அங்கே உண்டு. டீக்கடையில் டீ ஆற்றுகிற மாதிரிதான்.

மறுபடியும் ஹோஷிக்கே வருகிறேன், இந்த அடித்தள விஷயத்தை லேசில் விட மனம் வரவில்லை. ஊற்றின் மேல் கட்டுகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, தொட்டியின் ஆழத்தைத் தச்சர் தீர்மானிக்க முடியாது என்பது. பூமிக்கு அடியிலிருந்து ஏதோ ஓர் அழுத்தத்தில் தண்ணீர் வருகிறது. தொட்டியில் நீர்மட்டத்தை ஏற்றினால் அந்த நீரின் எடையே ஊற்றை அமுக்குகிறது, வரத்து குறைகிறது. ரொம்ப ஏற்றினால் ஊற்று சுவருக்கு வெளியே வேறு வழி பார்த்துக்கொள்ளும். அதனால் தண்ணீர் வழிந்து போகிற விளிம்பின் உயரத்தை இரண்டு விரல் கூட்டி, இரண்டு விரல் குறைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். அடியில் பரப்புகிற கல்லும் அப்படித்தான். முனையுள்ள கல் உட்காருகிறவரைக் குத்தும். பொடி மணல் போட்டால் ஊற்றுக்கண் அடைத்துக்கொள்ளும். கைக்குள் அடங்குகிற வழவழப்பான ஆற்றுக்கல்தான் சரி. அதையும் அவ்வப்போது தண்ணீரை வடித்துப் புரட்டித் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் வழுக்கும் பாசி பிடிக்கும்.

அடுத்து கூரை. இட்லிப் பானை மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி ஏன் குவிந்திருக்கிறது? தட்டையாக இருந்தால் ஆவி நீராகி நேரே இட்லி மேல் சொட்டும். குவிந்திருந்தால் நீர் உட்பக்கமாகவே வழிந்து ஓரத்துக்குப் போய்விடும். குளியல் கூடத்துக்கும் இதே கணக்குதான். வெளியே குளிர், உள்ளே ஆவி, கூரைப்பலகையின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். ஆகவே கூரை நல்ல சரிவாக இருக்கவேண்டும். உட்பலகைகளைச் சரிவின் வாக்கில் மேலிருந்து கீழாக அடிக்க வேண்டும். குறுக்குவாட்டில் அடித்தால் ஒவ்வொரு பலகை இடுக்கிலும் சொட்டு தங்கி, கீழே படுத்திருப்பவர் நெற்றியில் பனிக்கட்டி மாதிரி விழும்.

ஆவி வெளியேறவும் வழி வேண்டும். கூரை முகட்டில் குட்டிக் கூரை ஒன்றைத் தூக்கி வைத்து, அதன் இரண்டு பக்கமும் சாய்ந்த சட்டங்கள் வைப்பார்கள். பழைய வீட்டுச் சமையலறைகளில் இருந்த புகைக்கூண்டு மாதிரி. ஆனால் மேலே திறந்தால் மட்டும் போதாது. கீழே காற்று நுழைய வழி இல்லையென்றால் ஆவி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். மேலேயும் கீழேயும், இரண்டும் வேண்டும்.

கந்தக ஊற்றில் இது உயிர்ப்பிரச்சினை. அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது காற்றைவிடக் கனமானது, தரையில் தங்கும். அதனால்தான் ஜப்பானிய விதிகளில் இரண்டு காற்றுத்துளைகளாவது கேட்கிறார்கள், அதில் ஒன்று தரை மட்டத்திலேயே இருக்கவேண்டும். தொட்டியின் நீர்மட்டம் அறையின் தரையைவிட உயரத்தில் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறார்கள். தரையைவிடப் பள்ளமான தொட்டி பார்க்க அழகுதான், ஆனால் விஷவாயு அந்தப் பள்ளத்தில்தான், நம் மூக்கு இருக்கிற உயரத்தில் தேங்கும்.

இப்போது மரம். மரம் தண்ணீரில் கிடந்தால் கெட்டுவிடும் என்று நினைக்கிறோம். எப்போதும் மூழ்கிக் கிடக்கிற மரம் லேசில் கெடாது, எப்போதும் உலர்ந்த மரமும் கெடாது. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து கிடக்கிற இடம்தான் முதலில் போகும். தூணின் அடிப்பக்கம், தொட்டியின் விளிம்புக்குச் சற்று மேலே, சுவரில் தண்ணீர் தெறிக்கிற முழங்கால் உயரம். அதனால் தூணைத் தரையில் நடாமல் கல்லின் மேல் நிறுத்த வேண்டும். தெறிக்கிற இடத்துப் பலகையைத் தனியாகக் கழற்றி மாற்றுகிற மாதிரி வைக்கவேண்டும். மரத்தொட்டி கட்டினால், பலகை ஊறி உப்பித்தான் மூட்டு இறுகும். நாலு நாள் காலியாகப் போட்டால் சுருங்கி ஒழுக ஆரம்பிக்கும்.

வடக்கே அவோமோரியில், ஹக்கோடா மலையில், சுகாயு என்ற இடம். பெயரிலேயே புளிப்பு இருக்கிறது, புளித்த வெந்நீர் என்று பொருள். புளிப்பைக் காட்டுகிற பிஹெச் அளவு 2-ஐ ஒட்டி வரும், எலுமிச்சைச் சாறு மாதிரி. இரும்பு ஆணியை அரித்துவிடும், சிமெண்டையும் தின்றுவிடும். அங்கே ஆயிரம் பேர் குளியல் என்று பெயர் பெற்ற கூடம் 160 தத்தாமிப் பாய், அதாவது ஜப்பானியர் தரையில் விரிக்கிற பாய், அத்தனை பரப்பு, கிட்டத்தட்ட 2,800 சதுர அடி. தரை, சுவர், கூரை, தொட்டி எல்லாமே ஹிபா என்ற ஊசியிலை மரம். ஹிபாவில் ஹினோகிட்டியோல் என்ற பொருள் இருக்கிறது, பூஞ்சையை அண்டவிடாது. 1936-இல் நோசோயே டெட்சுவோ என்ற வேதியியலாளர் தைவான் ஹினோகி என்ற இன்னொரு ஊசியிலை மரத்தில் கண்டெடுத்தது இது. இத்தனைக்கும் சாதாரண ஜப்பானிய ஹினோகியில் இது இல்லை என்றே சொல்லலாம். மரம் வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய இடம்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். பனியைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். இதே சுகாயுவில் 2013 பிப்ரவரி 26 அன்று 566 சென்டிமீட்டர் பனி கிடந்தது. நம் மாடி வீட்டின் முதல் தளமே மறைந்துவிடும். அந்த மாதிரி ஊர்களில் ஒரு சென்டிமீட்டர் பனிக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோ என்று கணக்கு வைக்கிறார்கள். கூரையில் இரண்டு மீட்டர் கிடந்தால் சதுர மீட்டருக்கு 600 கிலோ. முகட்டில் ஆவி போகிற இடத்தில் பனி உருகி, அந்த நீர் இறவாரத்துக்கு வந்து மறுபடி உறைந்து அணை மாதிரி நிற்கும், பின்னால் தேங்கிய நீர் பலகை இடுக்கில் உள்ளே இறங்கும். ஆகவே முகட்டுத் துளையைச் சுற்றிலும் இறவாரத்திலும் கிடக்கிற பனியை முதலில் தள்ளவேண்டும். தள்ளும்போது ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போகக்கூடாது, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறி. இல்லையென்றால் கூரைச் சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

நன்றி, வணக்கம்.