மீன்பாடி வண்டியில் ஏறாத கம்ப்யூட்டர்

நடுவர் அய்யாவுக்கும் ராயபுரம் மக்களுக்கும் வணக்கம். பொன்னாடை, மாலையெல்லாம் விழாக்குழு பாத்துக்கட்டும், எனக்கு நிமிஷம் ஓடுது.

"பெருமை யாருக்கு? அறையை அடைத்த அன்றைய கம்ப்யூட்டருக்கா, சட்டைப்பையில் அடங்கிய இன்றைய செல்போனுக்கா?" இதுதான் தலைப்பு. நான் பழைய கம்ப்யூட்டர் அணி. உண்மையைச் சொன்னா, சீட்டுக் குலுக்குனதுல வந்த அணி இது. அந்தப் பக்கம் விழுந்திருந்தா அந்தப் பக்கம் பேசியிருப்பேன். ஆனா எதிரணித் தம்பி பேசிட்டுப் போனாரு பாருங்க, அதுக்கப்புறம் நெசமாவே இந்த அணிக்காரனாயிட்டேன்.

என்ன சொன்னாரு தம்பி? "1946-ல அமெரிக்காக்காரன் காட்டுனானே எனியாக்னு ஒரு கம்ப்யூட்டர், அது 30 டன்னு. அதை நம்ம மீன்பாடி வண்டியில ஏத்த முடியுமா?"ன்னாரு. காசிமேட்டு ஆளுங்கல்லாம் விசிலடிச்சீங்க!

சரி, ஏறாது. உள்ள பல்பு மாதிரி கண்ணாடி வால்வு 17,468. ஓடுறதுக்கு 150 கிலோவாட் கரண்டு. நம்ம தெருவுல சுவிட்ச் போட்டா, மறுநிமிஷம் எல்லாரும் விசிறியோட திண்ணையில உக்காந்திருப்போம். ஆனா ஒரு ஆள் மேசைக் கால்குலேட்டரை வச்சிக்கிட்டு ஒரு நாள் பூரா மல்லுக்கட்டுற, பீரங்கிக் குண்டு எங்க போயி விழும்ங்கிற கணக்கை அது அரை நிமிஷத்துல போட்டுச்சு. குண்டு தரையில விழறதுக்கு முன்னாடி கணக்கு முடிஞ்சிரும்!

தம்பி, வண்டிப் பேச்சை நீங்கதான் எடுத்தீங்க, நான் விடமாட்டேன். 1969-ல அப்போலோ 11-ஐ நிலாவுக்குக் கூட்டிட்டுப் போன கம்ப்யூட்டர் எத்தனை கிலோ? 32 கிலோ. நம்ம வண்டியில அது மாதிரி நாலு ஏத்தி, மேல ரெண்டு கூடை வஞ்சிரமும் வைக்கலாம்! அதோட தற்காலிக மெமரி வெறும் 4 கேபி. காலையில எங்க மாமா அனுப்புற குட்மார்னிங் ரோஜாப்பூ அதுக்குள்ள நுழையாது. நிலாவுல இறங்குற நேரத்துல வேலை தலைக்கு மேல போயி, 1202-ன்னு அலாரம் அடிச்சுது. என்ன பண்ணுச்சு தெரியுமா? அவசரமில்லாத வேலையை உதறிட்டு, இறக்கிவிடுற வேலையை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கிச்சு. உங்க போன் ஹேங் ஆனா? முக்கியமான கால் கட்டாயிடும், லோன் விளம்பரம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்!

இப்ப எங்க சித்தி கதை. ஒரு பெரிய ஆபீஸ்ல பஞ்ச் ஆபரேட்டர். அப்ப கம்ப்யூட்டருக்கு எதுனா சொல்லணும்னா அட்டையில ஓட்டை போட்டுத்தான் சொல்லணும். ஒரு அட்டைக்கு 80 எழுத்து. ஒரு பெட்டிக்கு ரெண்டாயிரம் அட்டை. சம்பள நாளைக்கு முந்தின நாள், பியூன் பெட்டியைத் தூக்கிட்டு வராரு. தலைக்கு மேல ஃபேன் அஞ்சுல சுத்துது. காலு தடுக்கிச்சு.

அட்டை பறக்குது! மேசை மேல, ஜன்னல் மேல, மேனேஜர் டீ கிளாசுக்குள்ள! அள்ளி, அடுக்கி, அவசரத்துல மிஷினுக்குள்ள விட்டுட்டாங்க. ஒருத்தன் பேரு, இன்னொருத்தன் சம்பளம். வாட்ச்மேன் சீட்டை வாங்கிப் பாக்குறாரு: மேனேஜர் சம்பளம்! மேனேஜர் வாங்கிப் பாக்குறாரு: வாட்ச்மேன் சம்பளம், அதுலயும் சைக்கிள் லோன் பிடிச்சது போக! முதல்தடவை சித்தி சொன்னப்ப அவரு வெறும் சூப்பர்வைசர். போன தீபாவளிக்கு மேனேஜராயிட்டாரு. வர்ற தீபாவளிக்கு ஜி.எம். ஆயிடுவாரு!

சித்தி மட்டும் சிரிச்சிருக்கு. ஏன்னா பெட்டி கைமாறுறதுக்கு முன்னாடியே, அட்டைக்கட்டை நிமித்தி வச்சு, மேல் விளிம்புல ஒரு மூலையில இருந்து மறுமூலைக்குப் பேனாவால குறுக்குக் கோடு ஒண்ணு இழுத்து வச்சிருந்துச்சு. இடம் மாறின அட்டை எதுன்னு கோடே காட்டிக்குடுத்துரும். ராத்திரி வரைக்கும் தரையில உக்காந்து ரெண்டாயிரத்தையும் வரிசைப்படுத்திக் குடுத்துட்டுத்தான் பஸ் ஏறுச்சு.

மணி அடிச்சிட்டீங்க அய்யா, இன்னும் ஒண்ணே ஒண்ணு.

நிலாவுக்குப் போன கம்ப்யூட்டரோட நிரந்தர மெமரியைச் செஞ்சது யாரு? அமெரிக்காவுல வால்தம்னு ஒரு ஊரு, அங்க ஒரு ஃபேக்டரியில பொம்பளைங்க உக்காந்து கையால பின்னுனாங்க. காந்த வளையத்துக்குள்ள கம்பி போனா 1, வெளிய போனா 0. காசிமேட்டுல வலை பின்னுற கை இருக்கே, அந்த மாதிரி கை. ஒரு கம்பி தப்பா போனா நிலாவுல ஆள் போச்சு.

எனியாக்குக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்தவங்களும் ஆறு பொண்ணுங்கதான். கே மெக்நல்டி, பெட்டி ஸ்னைடர், ஜீன் ஜென்னிங்ஸ், மார்லின் வெஸ்கோஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். ராயபுரத்து மைக்குலயாவது இந்தப் பேரு கேக்கட்டும். 1946 பிப்ரவரியில எனியாக்கை ஊருக்குக் காட்டுன அன்னிக்கு ராத்திரி பெரிய விருந்து வச்சாங்க. ஆறு பேரையும் கூப்பிடல. ராப்பகலா கம்பி மாட்டி, அந்தக் கணக்கை ஓட வச்சதே அவங்க. குளிர்ல வீட்டுக்கு நடந்து போயிருப்பாங்களே, அந்தப் பொண்ணுங்க என்ன பேசிட்டுப் போயிருப்பாங்க? எனக்கு அதை நினைச்சா எடையும் தெரியல, கேபியும் தெரியல அய்யா.

தீர்ப்பை நீங்க செல்போனுக்கே குடுங்க, எனக்கு வருத்தமில்ல. ஆனா எங்க சித்தி மூணாவது வரிசையில உக்காந்திருக்கு. கூட்டம் முடிஞ்சதும் மேடைக்குப் பின்னாடி பந்தி இருக்காமே, அதுல சித்திக்கும் ஒரு இலை போடச் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.