நண்டுக்கு ரேஷன் கார்டு: ஒரு வகுப்பறையில் இரண்டு பீரியட்

வணக்கம் மக்களே. சத்தம் கொஞ்சம் அதிகமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். பின்னால் தெரிவது வயல். மன்னார்குடி டவுன் பஸ் வர இன்னும் இருபது நிமிஷம் ஆகும் என்று டீக்கடை அண்ணன் சொன்னார். அவரை நம்பி கேமராவை ஆன் செய்துவிட்டேன். பாதியில் எழுந்து ஓடினால் பஸ் வந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இன்று இங்கே ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கதைப் பட்டறை நடத்தினேன். ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் சேர்த்து 31 பிள்ளைகள். "பள்ளிக்கூடத்துக்குப் போய் என்னதான் பண்ணுவீங்க, கதை சொல்லுவீங்களா, எழுதச் சொல்லிக் கொடுப்பீங்களா?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். இன்று நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. நான் சிறுவர் கதை எழுத வந்த புதிதில் ஒரு பெரிய பள்ளியில் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். இரண்டு மணி நேரப் பயிலரங்கம் என்றுதான் பேச்சு. போய்ப் பார்த்தால் மைதானத்தில் நானூறு பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள், எங்களுக்கு மட்டும் பந்தல். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, வரவேற்பு நடனம், பொன்னாடை, நினைவுப் பரிசு, தாளாளர் உரை. எனக்கு மைக் வரும்போது பத்து நிமிஷம் மிச்சம். கடைசியில் மாணவர் கேள்வி நேரம். ஐந்து பேர் வரிசையாக வந்து துண்டுச் சீட்டில் இருந்ததை வாசித்தார்கள். நாலாவது பையன் வாசித்த கேள்விக்கு நான் ரெண்டாவது பிள்ளையிடமே பதில் சொல்லியிருந்தேன். பாவம், அவனுக்கு அதெல்லாம் காதில் விழவே இல்லை. சீட்டை மனப்பாடம் செய்துகொண்டு நின்றிருக்கிறான்.

அன்றிலிருந்து என் பக்கத்துக்குச் சில நிபந்தனைகள் உண்டு. ஒரே வகுப்பறை, 35 பேருக்கு மேல் வேண்டாம், சேர்ந்தாற்போல் இரண்டு பீரியட், மைக் கிடையாது, பொன்னாடை கிடையாது. இதைக் கேட்டதும் "சரி மேடம், சொல்றோம்" என்று போனை வைத்தவர்கள் பலர். அப்புறம் சொல்லவே மாட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே பதினேழு பொன்னாடை இருக்கிறது. அம்மா ஒன்றை மிக்சிக்கு உறையாகத் தைத்துவிட்டார்.

தேதியும் ஒரு தொல்லை. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், ஆனால் ஏப்ரலில் நம்மூர்ப் பள்ளிகள் ஆண்டுத் தேர்வில் மூழ்கிக் கிடக்கும். அதனால் எல்லாருக்கும் எழுத்தாளர் ஞாபகம் வருவது நவம்பர் 14 அன்று. டெல்டாவில் நவம்பர் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். எத்தனை தடவை பாதி வழியில் "மழை லீவு விட்டுட்டாங்க மேடம்" என்று போன் வந்திருக்கிறது! சாதாரண ஒரு புதன்கிழமையில் கூப்பிடுங்களேன் என்று கெஞ்சிக் கொண்டிருக்கிறேன். இன்று புதன்கிழமை.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

உள்ளே போனதும் தமிழ் டீச்சரிடம் ஒன்று கேட்டேன்: "அடுத்த எண்பது நிமிஷத்துக்கு உங்கள் சிவப்புப் பேனாவை என்னிடம் கொடுத்துவிடுங்கள்." சிரித்துக்கொண்டே கொடுத்தார். கேலிக்காகக் கேட்கவில்லை. பக்கத்தில் சிவப்புப் பேனா நடமாடினால் பிள்ளைகள் ஒற்றுப்பிழை வராத சொற்களை மட்டும் எழுதுவார்கள். தனக்குத் தெரிந்த ஊரை, தெரிந்த ஆளை எழுத வேண்டியவர்கள் "அழகிய கிராமம்", "நற்பண்புகள் நிறைந்த சிறுவன்" என்று போய்விடுவார்கள். எந்த மாவட்டத்துக்குப் போனாலும் அந்த நற்பண்புச் சிறுவன் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பான்.

(பையைத் திறந்து பார்க்கிறார்) அய்யோ, பேனா என்னிடமே இருக்கிறது. டீச்சர், தபாலில் அனுப்பிவிடுகிறேன்.

விளையாட்டு இதுதான். இத்தாலியில் ஜானி ரோதாரி என்று ஒரு சிறுவர் எழுத்தாளர் இருந்தார். இளம் வயதில் தொடக்கப்பள்ளி ஆசிரியர். சிறுவர் இலக்கியத்துக்கு உலக அளவில் கொடுக்கும் ஆண்டர்சன் விருதை 1970இல் வாங்கியவர். 1972இல் ரெஜ்ஜியோ எமிலியா என்ற ஊரில் ஆசிரியர்களோடு உட்கார்ந்து, கதை எப்படிப் பிறக்கிறது என்று பேசியதைப் பிறகு புத்தகமாகவே எழுதினார். அவருடைய வித்தை ரொம்ப எளிது. ஒரு பிள்ளை கரும்பலகையின் முன்பக்கம் ஒரு சொல் எழுத வேண்டும். இன்னொரு பிள்ளை அதைப் பார்க்காமல் பின்பக்கம் ஒரு சொல் எழுத வேண்டும். சம்பந்தமே இல்லாத அந்த இரண்டு சொல்லையும் முட்டவிட்டால் கதை வரும். அவர் சொன்ன உதாரணம் நாயும் அலமாரியும்.

இதை நம் பிள்ளைகளிடம் செய்யும்போது ஒரு வசதி இருக்கிறது. ஐ, ஆல், கு, இன், அது, கண். வேற்றுமை உருபு! இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்து வெறுத்துப்போன அதே உருபுகள்தான். ஒவ்வொன்றையும் மாற்றி ஒட்டினால் ஒவ்வொரு கதை.

இன்று பலகையைத் திருப்பினால் ஒரு பக்கம் "நண்டு". மறுபக்கம் "ரேஷன் கார்டு".

வகுப்பே சிரித்தது. நான் உருபை ஒட்ட ஆரம்பித்தேன். நண்டின் ரேஷன் கார்டு. ரேஷன் கார்டில் நண்டு. நண்டால் ரேஷன் கார்டு... "கிழிஞ்சிபோச்சு" என்று ஒரு குரல். நண்டுக்கு ரேஷன் கார்டு. அங்கே நின்றுவிட்டார்கள். அதுதான் வேண்டும் என்றார்கள்.

அப்புறம் எனக்கு வேலையே இல்லை. கார்டு என்றால் முகவரி வேண்டுமே, நண்டுக்கு எது வீடு? "மூணாவது வரப்பு, வடக்குப் பக்க வளை" என்றாள் ஒருத்தி. உடனே இன்னொருவன், "வரப்புல ஓட்ட போட்டுத் தண்ணிய வெளியேத்துது, அதுக்குக் கார்டு வேற குடுப்பாங்களா?" என்று சண்டைக்கு வந்தான். வயல் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளை, கோபம் நியாயம்தானே! குடும்ப உறுப்பினர் எத்தனை என்று எழுத வேண்டும். நண்டுக்குக் குஞ்சு நூற்றுக்கணக்கில் இருக்கும். ஆளுக்கு இத்தனை கிலோ என்று வைத்தால் மொத்த அரிசியும் அதுவே வாங்கிப் போய்விடும் என்று பின் பெஞ்சில் கணக்கு நடந்தது.

அப்போது ஒரு பையன் எழுந்தான். "அக்கா, கடையில மிஷின்ல வெரல் வெக்கணும்ல? நண்டுக்கு வெரலே இல்லையே."

வகுப்பு யோசித்தது. பக்கத்தில் இருந்த பெண் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "எங்க அப்பாயிக்குந்தான் ரேக விழல. நாத்து நட்டு நட்டுத் தேஞ்சிபோச்சு. அதுக்குக் கண்ண வெச்சிப் பாக்குற மிஷின் இருக்கு."

"நண்டு கண்ணத்தான் வெளியிலயே நீட்டி வெச்சிருக்கே!" என்றான் முதல் பையன்.

பாருங்கள் மக்களே, நான் பத்து வருஷமாகக் கதை எழுதுகிறேன். நீட்டிய கண்ணை மிஷினில் வைத்துக் கார்டு வாங்கும் நண்டு என் தலைக்குள் வந்திருக்காது. தேய்ந்த ரேகையைத் தினம் பார்க்கிற வீட்டிலிருந்துதான் அது வரும்.

எழுத உட்கார்ந்தபோது வழக்கமான கேள்வி வந்தது: "அக்கா, பேச்சுத் தமிழ்ல எழுதலாமா?" என் பதில் எப்போதும் ஒன்றுதான். கதை சொல்கிறவர் எழுத்துத் தமிழில் சொல்லட்டும், கதைக்குள் பேசுகிறவர்கள் அவரவர் வாயால் பேசட்டும். அப்பாயி "கொண்டா" என்றுதான் சொல்வாள், "கொண்டு வருவாயாக" என்று சொல்லமாட்டாள். இதைச் சொன்னதும் டீச்சர் முகம் லேசாகச் சுருங்கியது, மறைக்க மாட்டேன். பரீட்சையில் மதிப்பெண் போடுவது அவர்தானே, அவர் கவலை அவருக்கு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கட்டுரைக்கு ஒரு சட்டம் பழக்கி வைத்திருக்கிறார். கதையையும் பிள்ளைகள் அதே சட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். அதனால்தான் எனக்கு இரண்டு பீரியட் வேண்டும். முதல் பீரியட் முழுக்கச் சட்டத்தைக் கழற்றவே போய்விடும்.

பணத்தைப் பற்றியும் கேட்கிறீர்கள். அரசுப் பள்ளிக்கு நான் பஸ் காசோடு போகிறேன். இன்று மதியம் சத்துணவுக் கூடத்தில் முட்டையோடு சாப்பாடு, அதுவே பெரிய மரியாதை. கட்டணம் வாங்கும் பள்ளிகளில் நானும் கட்டணம் கேட்பேன், கூச்சப்படமாட்டேன். இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா என்றால், முடியாது. எனக்குப் பிழைப்பு மெய்ப்புத் திருத்துவது, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவே இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டுதான் எழுதினார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்க முன்னால் நின்றவர் அவர்.

எழுதியதை என்ன செய்வது என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று. பள்ளிக் கல்வித் துறை ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் பிள்ளைகளுக்காக 2022இல் "தேன்சிட்டு" என்று ஓர் இதழ் தொடங்கியது, நாலு, ஐந்து வகுப்புக்கு "ஊஞ்சல்". அதற்கு அனுப்பிப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு நூலைக் கோத்துக் கட்டி வகுப்பறையிலேயே தொங்கவிடுங்கள். இன்றைக்கு 31 கதையையும் அப்படித்தான் கட்டி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு வந்தோம்.

(திரும்பிப் பார்க்கிறார்) பஸ் வருகிற மாதிரி இருக்கிறது. இல்லை, டிராக்டர்.

கிளம்பும்போது அந்த விரல் கேள்வி கேட்ட பையனின் தாளைப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம். கண்ணைக் காட்டி அரிசி வாங்கிய நண்டு, மூட்டையோடு பக்கவாட்டில் நடந்து பக்கத்து ஊருக்கே போய்விடுகிறது. நேராக வீட்டுக்குப் போக அதற்கு வரவில்லை. அதற்குக் கீழே "நீதி" என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, நாலு கோடு காலியாக விட்டிருந்தான்.

"இது என்னப்பா?" என்றேன்.

"டீச்சர் கேப்பாங்கக்கா. அதான் எடம் விட்டு வெச்சிருக்கேன்."

இப்போது நிஜமாகவே பஸ். வருகிறேன் மக்களே.