டிக்கட்டக் குறைச்சா கிரவுண்ட் நிறையுமா?

வணக்கம். ஃபுட்போல் கிளப்காரங்க டிக்கட் விலையக் குறைச்சா சனம் கூட வருமா எண்டு இன்டைக்குக் கதைக்கச் சொல்லியிருக்காங்க. கொட்டாஞ்சேனை டீக்கடையில நான் சும்மா கத்துற விஷயம் இது, இப்ப மைக்கையே தந்துட்டாங்க, விடுவனா. குறைக்கத்தான் வேணும், முதல்லயே சொல்லிடுறன். ஆனா குறைக்கிறதுக்கும் ஒரு விதம் இருக்கு.

2016 பெப்ரவரி 6, சனிக்கிழமை, இங்கிலாந்துல லிவர்பூல் கிளப்பும் சண்டர்லாண்ட் கிளப்பும், லிவர்பூல்ட சொந்த கிரவுண்ட்ல. நம்ம நேரத்துக்கு ராவு எட்டரைக்குத் தொடங்கின மெட்ச். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கன், கேட்டவங்க மன்னிக்கணும். 59 பவுணா இருந்த ஆகக் கூடின டிக்கட்ட அடுத்த சீசன்ல 77 பவுண் ஆக்கப் போறம் எண்டு லிவர்பூல் கிளப் அறிவிச்சிருந்தது. சரியா 77வது நிமிஷம், லிவர்பூல் 2-0 முன்னுக்கு நிக்குது, டீவியில பாத்தா அந்த 77 பவுணுக்கு எதிர்ப்பா ஆக்கள் எழும்பி வரிசை வரிசையா வெளிய போறாங்க. வெல்லுற மெட்ச்சுங்க! நம்ம வீட்ல கரண்ட் போனா பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போயாவது மிச்சத்தப் பாத்து முடிக்கிற ஆக்கள் நாங்க, அங்க காசு குடுத்து உள்ள போனவன், ஒரு பத்தாயிரம் பேர், எழும்பிப் போறான். அவங்க போன பிறகு சண்டர்லாண்ட் ரெண்டு கோல் போட்டு 2-2 ஆக்கினது வேற கதை. நாலு நாள்ல ஓனர்மார் மன்னிப்புக் கேட்டு விலையத் திருப்பி 59க்கே கொண்டு வந்தாங்க. அடுத்த மாசமே பிரீமியர் லீக்ல, அதாவது இங்கிலாந்துட முதலாம் டிவிஷன்ல, இருக்கிற 20 கிளப்பும், வெளியூர்ல இருந்து வாற ரசிகருக்கு 30 பவுணுக்கு மேல டிக்கட் இல்ல எண்டு சம்மதிச்சாங்க.

லிவர்பூல்ட கிரவுண்ட் எப்பவும் நிறையிற கிரவுண்ட். குறைச்சாலும் குறைக்காட்டியும் சீட் போயிடும், கத்துற பொடியனா, போன் பாத்துக்கிட்டு இருக்கிற கனவானா, ஆர் வந்து இருக்கிறது எண்டதுதான் அங்க கேள்வி.

காலியாக் கிடக்கிற கிரவுண்டுக்கு பிராட்ஃபோர்ட் சிட்டியப் பாருங்க. 2015-16ல இங்கிலாந்துட மூண்டாம் டிவிஷன்ல இருந்த கிளப், சீசன் டிக்கட் 149 பவுண். சொந்த கிரவுண்ட்ல 23 லீக் மெட்ச், பிரிச்சுப் பாத்தா ஒண்டுக்கு ஆறரைப் பவுண் வரும். பதினெட்டாயிரம் டிக்கட் கிட்டப் போச்சு. காசக் கட்டினவன் டிசம்பர் குளிரிலயும் வருவான், கட்டின காசு உறுத்தும்ல. வந்தா டீ குடிப்பான், மகனுக்கு ஜேர்சி வாங்குவான். காலிச் சீட் டீ குடிக்காது.

அதுக்காக ஓசியில குடுக்காதீங்க, திரும்பவும் சொல்றன், ஓசியில குடுக்காதீங்க. ஓசிப் பாஸ் வச்சிருக்கிறவன் ரெண்டு துளி தூறினா வீட்டோட நிண்டுருவான். ஒரு மெட்ச்சுக்கு மட்டும் குறைச்சு அடுத்ததுக்கு ஏத்தினாலும் சரிவராது, சீசன் முழுக்கக் குறைச்சாத்தான் வாற பழக்கம் வரும்.

நம்ம கொழும்புக் கதையத்தான் விரிவாச் சொல்ல நினைச்சன், இஞ்ச கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையக் காட்டுறாங்க. சரி, வேகமாச் சொல்றன். சுகததாச ஸ்டேடியத்துல டிக்கட் விலை பெரிய பிரச்சினை இல்ல. வேலை நாள்ல பின்னேரம் மூண்டரைக்கு மெட்ச் வச்சா ஆர் லீவு போட்டு வருவான்? மெட்ச் எண்டே ரெண்டு நாளைக்கு முன்னதான் தெரியுது, பொம்பிளைப் பிள்ளையக் கூட்டிப் போனா ஒழுங்கான டொய்லட் இல்ல, முடிஞ்சு வெளிய வந்தா பஸ் இல்லாம த்ரீவீலுக்கு டிக்கட்ட விட நாலு மடங்கு. முதல்ல போயா லீவு நாள்ல வைங்க, சனிக்கிழமை வைங்க, ஒரு வாரத்துக்கு முன்ன சொல்லுங்க, விலைய அதுக்குப் பிறகு பாப்பம். நேரம் முடிஞ்சுதாம், வணக்கம்.