மல்குஸின் காது

தவக்காலக் கூட்டத்துக்கு என்னை அழைத்தவர்கள் ‘பகைவருக்கு அன்பு’ என்று தலைப்புத் தந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இதைப் பேசுவது எளிதல்ல. இங்கே இருக்கிறவர்களில் பலருடைய வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் தொங்குகிறது. ஆகவே அறிவுரை சொல்லாமல், யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தை உங்களோடு சேர்ந்து வாசிக்கிறேன்.

கெதரோன் ஆற்றுக்கு அப்பால் ஒரு தோட்டம். தீவட்டிகளோடு ஆட்கள் வருகிறார்கள். பேதுரு வாளை உருவித் தலைமைக் குருவின் வேலைக்காரனை வெட்டுகிறார். வலது காது போகிறது. மீன்பிடிகாரர்தானே, வாள் வீசிப் பழக்கமில்லை. தலைக்குத்தான் குறி வைத்திருப்பார் என்பது என் ஊகம். வெட்டுப்பட்டவனின் பெயர் மல்குஸ் என்று சொல்லுகிறவர் யோவான் ஒருவரே. இயேசு அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்கியதைச் சொல்லுகிறவர் லூக்கா ஒருவரே. லூக்கா வைத்தியர்; வைத்தியருடைய கண்ணுக்கு அது தப்புமா?

சரி, காது குணமானது. மல்குஸ் காலில் விழுந்தானா? வந்தவர்கள் தீவட்டியை அணைத்துவிட்டுத் திரும்பிப் போனார்களா? இல்லை. இயேசுவின் கையைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். குணமான காதோடு மல்குஸும் கூட நடந்திருப்பான்.

அன்பு காட்டினால் எதிரி உருகிவிடுவான் என்று பிரசங்கங்களில் சொல்லிப் பழகிவிட்டோம். நற்செய்தி அப்படி உத்தரவாதம் எதுவும் எழுதித் தரவில்லை. எதிரி மாறுவான் என்று நம்பி அன்பு செய்தால் ஆறு மாதத்தில் களைத்துப்போவோம். இயேசு நம்பியது பிதாவை. அதனால்தான் மல்குஸ் என்ன செய்வான் என்று பார்த்துக்கொண்டிராமல் அவரால் கையை நீட்ட முடிந்தது.

என் அம்மம்மாவின் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவே ஒரு வேலி. யாழ்ப்பாணத்தில் வேலி என்று தொடங்கினால் மிச்சத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். பக்கத்து வளவு ஐயா கதியாலை, அதாவது வேலிக் கம்பை, ஒரு முழம் எங்கள் பக்கம் அரக்கி நட்டுவிட்டார் என்று வழக்கு. பதினொரு வருடம் பேச்சில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கிவர, குடாநாட்டின் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் கால் வைக்க இடமில்லை. அந்த நெரிசலில், நடக்கமாட்டாமல் ஓரமாகக் குந்தியிருந்த ஐயாவை அம்மம்மா கண்டார். எங்கள் சைக்கிள் கரியரில் கட்டியிருந்த அரிசி மூட்டையை இறக்கச் சொல்லி, அவரை ஏற்றுவித்தார். சாவகச்சேரி போய்ச் சேரும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வருடம் ஊர் திரும்பியபோது வேலி இருந்த அடையாளமே இல்லை. ஐயா ஆள் பிடித்துப் புதிதாக அடைத்தார். எங்கே? அதே ஒரு முழம் தள்ளி, எங்கள் பக்கத்தில். மாமா பொங்கினார். அம்மம்மாவோ வேலி அடைத்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, “முழம் அவருடைய கணக்கு. மூட்டை என்னுடைய கணக்கு” என்றார். வழக்கை அவர் வாபஸ் வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதுவும் இந்த அதிகாரத்தில் இருக்கிறது. விசாரணையில் ஒரு காவலன் இயேசுவைக் கன்னத்தில் அறைகிறான். மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர் அங்கே, நான் பேசியது தவறென்றால் தவறைக் காட்டு, சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். 1995 ஜூலை 9 அன்று நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அருகிலுள்ள முருகன் கோவிலிலும் தஞ்சமடைந்திருந்த மக்கள்மேல் விமானப்படையின் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஏன் அடித்தாய் என்று அந்தத் தாய்மார் கேட்பதைப் பகை என்று சொல்லுகிற கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்த வசனத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இன்னும் ஓர் ஆள் மிச்சம். முற்றத்தில் கரிநெருப்பு எரிகிறது, பேதுரு குளிர்காய்கிறார். மல்குஸின் உறவினன் ஒருவன் அவரை உற்றுப் பார்த்து, தோட்டத்தில் உன்னை நான் காணவில்லையா என்கிறான். பேதுரு மறுக்கிறார்; உடனே சேவல் கூவுகிறது. இயேசு காதை ஒட்டவைத்துவிட்டார். ஆனால் வெட்டிய கையை அந்தக் குடும்பம் மறக்கவில்லை.

நாங்கள் நடந்த ஒக்டோபர் 30க்குச் சரியாக ஐந்து வருடம் முன்பு, 1990இல், அதே திகதியில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். அவர்கள் வாழ்ந்த சோனகதெருவில் கூரையில்லாமல் நின்ற வீடுகளைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அந்தத் தெருவில் பிறந்து புத்தளத்தில் முதுமையடைந்த ஒருவர், அன்றைக்கு நீங்களும் ஒழுங்கை முகப்பில் நின்றீர்கள் அல்லவா என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். எனக்கு அப்போது சேவல் கூவியது கேட்டது.